வெள்ளி போனது, நீர் போனது, தூசி வந்தது

ஒரு செய்திக்கு எத்தனை அங்குல இடம் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பதிலேயே எனது வாழ்நாளின் பெரும் பகுதி கழிந்தது. நான் பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் அதற்கென எழுதப்படாத விதியொன்று இருந்தது. பாதிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கினர் என்றால் முதற்பக்கம். நூற்றுக்கணக்கினர் என்றால் உட்பக்கம். ஐம்பது, அறுபது பேர் என்றால் இடமிருந்தால் நான்கு வரி. இடமில்லையென்றால் அதுவும் இல்லை. அந்த விதியை நானும் கேள்வியின்றிப் பின்பற்றியவன்தான்.

ஓய்வு பெற்ற பின்னர், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வசிக்கும் எனது பெறாமகனின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அப்போது நான் பார்த்த ஓர் ஊர், அந்த விதி எவ்வளவு பிழையானது என்பதை எனக்கு உணர்த்தியது. அவ்வூரின் பெயர் கீலர். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கே, கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு எல்லையை அண்டிய பாலைநிலத்தில் அமைந்திருக்கும் மிகச் சிறிய குடியிருப்பு அது. 2010 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு 66 பேர் வாழ்ந்தனர். 2020 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 71 பேர். எங்கள் பத்திரிகையில் நான்கு வரிகூடப் பெற முடியாத ஊர்.

அங்கு போகவேண்டும் என்று நான் கேட்டபோது பெறாமகன் வியப்படைந்தான். "பெரியப்பா, அங்க பார்க்கிறதுக்கு ஒண்டுமில்லையே" என்றான். அவ்வூரின் முன்னால் ஒரு பெரிய ஏரி இருந்ததென்றும், அதில் நீராவிக் கப்பல் ஓடியதென்றும் எங்கோ படித்திருந்தேன். அந்த ஏரியைப் பார்க்கவேண்டும் என்றேன். நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ நான்கு மணித்தியாலப் பயணம். லோன் பைன் என்னும் சிறு நகருக்கு அருகில் 395 ஆம் இலக்க நெடுஞ்சாலையை விட்டு விலகி, 136 ஆம் இலக்க வீதியில் தென்கிழக்காகத் திரும்பினோம். சிறிது தூரம் சென்றதும் அவன் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, கையை நீட்டி, "உதுதான் ஏரி, பெரியப்பா" என்றான். அவன் காட்டிய திசையில் வெண்ணிறமாகவும் மண்ணிறமாகவும் உப்பு படிந்த ஒரு பெருவெளி கிடந்தது. ஆங்காங்கே ஆழமற்ற நீர்த்தேக்கங்கள் வெயிலில் மின்னின.

முதலில் இந்நிலத்தின் அமைப்பைச் சொல்லவேண்டும். கீலர் அமைந்திருக்கும் இன்யோ மாவட்டம் ஏறத்தாழ 26,000 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்பைக் கொண்டது. இலங்கைத்தீவின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. அத்தனை பெரிய நிலத்தில் 2020 ஆம் ஆண்டில் வாழ்ந்தவர்கள் 19,016 பேர் மட்டுமே. அலாஸ்கா, ஹவாய் தவிர்ந்த அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான விட்னி மலை, 4,421 மீற்றர் உயரத்துடன் இம்மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நிற்கின்றது. கடல் மட்டத்திலிருந்து 86 மீற்றர் கீழே உள்ள மரணப் பள்ளத்தாக்கின் தாழ்நிலமும் இதே மாவட்டத்தில்தான் உள்ளது.

மேற்கே சியாரா நெவாடா மலைத்தொடரும் கிழக்கே இன்யோ மலைத்தொடரும் நிற்க, நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகங்களைச் சியாரா மலைகள் தடுத்து விடுவதால், பள்ளத்தாக்கில் மழை மிகச் சொற்பம். ஆனால் மலைகளின் மீது படியும் பனி உருகி ஓவன்ஸ் ஆறாகப் பாய்ந்தது. அந்த ஆற்றுக்குக் கடலை அடைய வழியில்லை. பள்ளத்தாக்கின் தென்முனையில் அது சென்று தேங்கிய இடமே ஓவன்ஸ் ஏரி. ஏறத்தாழ 280 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள உவர்நீர் ஏரி. அதன் கிழக்குக் கரையில், ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் இருப்பது கீலர்.

இந்தப் பெயர்கள் யாவும் பின்னர் வந்தவர்கள் இட்டவை. 1845 இல் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட பிரீமொன்ட், தனது குழுவிலிருந்த ரிச்சர்ட் ஓவன்ஸ் என்பவரின் பெயரை ஏரிக்குச் சூட்டினார். அந்த ஓவன்ஸ் இந்த ஏரியைக் கண்ணால் கண்டதே இல்லை என்பர். அதற்கு முன்னர் பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வந்த பையூட் மக்கள், ஏரியைப் பட்சியாட்டா என்றும் பள்ளத்தாக்கைப் பாயஹூநாடு என்றும் அழைத்தனர். நீர் ஓடிக்கொண்டேயிருக்கும் நிலம் என்பது அதன் பொருள். பாய்தலும் நாடும் நமது காதுக்கு ஒலிப்பது தற்செயலே. இரு மொழிகளுக்கும் தொடர்பில்லை. ஆயினும், அப்பெயரை முதன்முதலாகக் கேட்ட கணத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

பையூட் மக்கள் வெறுமனே வேட்டையாடித் திரிந்தவர்கள் அல்லர். மலையிலிருந்து வரும் ஓடைகளை மறித்து, வாய்க்கால் வெட்டி, கிழங்கு விளையும் நிலங்களுக்கு நீர் பாய்ச்சியவர்கள். 1860 களின் தொடக்கத்தில் வெள்ளையர்கள் கால்நடைகளுடன் வந்து அந்நிலங்களை மேய்ச்சற்றரையாக்கினர். மோதல் மூண்டது, இராணுவம் வந்தது. 1863 ஆம் ஆண்டுக் கோடையில் ஏறத்தாழ ஆயிரம் பையூட் மக்கள் தெற்கே தெஹோன் கோட்டைக்குக் கால்நடையாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1865 இன் தொடக்கத்தில், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் இந்த ஏரிக்கரையிலேயே கொல்லப்பட்டனர். கீலரின் கதையை அனுதாபத்துடன் சொல்ல முற்படும் எவரும் இதனை மறைத்துவிட்டுச் சொல்லக்கூடாது. ஊர் உருவானதே இன்னொரு மக்களின் இழப்பின் மேல்தான்.

கீலரை உருவாக்கியது வெள்ளி. ஊருக்குக் கிழக்கே, மலையின் மேல் இருப்பது செரோ கோர்டோ. பருத்த குன்று என்பது இந்த ஸ்பானியப் பெயரின் பொருள். 1860 களின் நடுப்பகுதியில் அங்கு வெள்ளியும் ஈயமும் கலந்த தாது கண்டுபிடிக்கப்பட்டது. பெல்ஷோ, பியூட்ரி என்னும் இருவர் உருக்கு உலைகளை அமைத்தனர். உலையிலிருந்து வந்த பாளங்களைக் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டித் தொடர்களில் பாலைநிலத்தினூடாக லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டு சென்றவர் ரெமி நடோ என்னும் பிரெஞ்சுக் கனேடியர். 1870 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் லொஸ் ஏஞ்சல்ஸின் சனத்தொகை 5,728 மட்டுமே. அந்தச் சிறு நகரின் வணிகர்களுக்கும் கொல்லர்களுக்கும் தீவன வியாபாரிகளுக்கும் செரோ கோர்டோ வெள்ளி கொடுத்த உயிர் சாமானியமானதல்ல. உலை முதலாளி பியூட்ரியின் சகோதரரே 1870 களின் நடுப்பகுதியில் அந்நகரின் மேயராக விளங்கினார்.

வண்டிகள் ஏரியைச் சுற்றிச் செல்வதற்குப் பல நாட்கள் பிடித்தன. ஆகவே 1872 இல் பெஸி பிரேடி என்னும் நீராவிக் கப்பல் ஏரியில் இறக்கப்பட்டது. கிழக்குக் கரையில் ஏற்றிய பாளங்களை அது தென்மேற்கே கார்ட்டாகோ என்னும் துறைக்குக் கொண்டு சேர்த்தது. நான் தேடிப் போன கப்பல் அதுதான்.

அதே 1872 இல், மார்ச் 26 அதிகாலை, பள்ளத்தாக்கைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. லோன் பைன் பகுதியில் 27 பேர் மாண்டனர். ஏரியின் கரை உயர்ந்துவிட்டதால், அயலிலிருந்த ஸ்வான்சி என்னும் ஊரின் இறங்குதுறை பயனற்றுப் போனது. அதற்குப் பதிலாகத் தெற்கே ஹோலி என்னும் இடத்தில் புதிய துறை கட்டப்பட்டது. 1880 இல் அங்கு தாது பதனிடும் ஆலையொன்றும் எழுந்தது. ஆலைக் கம்பனியின் முகவராக இருந்து ஊரைத் திட்டமிட்டு அமைத்த ஜூலியஸ் கீலரின் பெயரை அந்த இடம் பின்னர் பெற்றுக்கொண்டது. 1882 இல் பெஸி பிரேடி தீயில் எரிந்தது. ஆனால் மறு வருடமே கார்சன் அன்ட் கொலராடோ கம்பனியின் புகையிரதப் பாதை கீலரை வந்தடைந்தது. வெள்ளி குறைந்தபோது ஊர் ஏறத்தாழக் கைவிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துத்தநாகம் அதனை மீண்டும் எழுப்பியது. மலையிலிருந்து தாதுவை இறக்குவதற்குக் கம்பிவடப் பாதை கூடப் போட்டனர்.

சுரங்க ஊர்கள் பிறப்பதும் இறப்பதும் அமெரிக்க மேற்கில் புதுமையல்ல. தாது தீர்ந்தால் ஊர் தீரும். கீலரும் அவ்வாறு மெல்ல மறைந்திருந்தால், நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் கீலருக்குத் தாதுவைத் தவிர இன்னொரு செல்வமும் இருந்தது. அது நீர்.

1900 இல் லொஸ் ஏஞ்சல்ஸின் சனத்தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பத்து ஆண்டுகளில் அது மும்மடங்காகி 319,198 ஆனது. நகரின் சிற்றாறு போதவில்லை. முன்னாள் மேயர் பிரெட் ஈட்டன், ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நிலத்தையும் அதனுடன் சேர்ந்த நீர் உரிமையையும் வாங்கத் தொடங்கினார். அவை நகருக்கு என்பது விற்றவர்களுக்குத் தெரியவந்தது 1905 இல்தான். பள்ளத்தாக்கு மக்கள் வாஷிங்டனுக்கு முறையிட்டனர். 1906 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், அந்த நீர் பள்ளத்தாக்கில் உள்ள சிலருக்குப் பயன்படுவதைவிட நகரில் உள்ள பலருக்குப் பயன்படுவதே மேல் என்று நகரின் பக்கம் தீர்த்தார். பொறியியலாளர் வில்லியம் மல்ஹோலண்டின் தலைமையில் 375 கிலோமீற்றர் நீளமான நீர்வழி கட்டப்பட்டு, 1913 நவம்பர் 5 அன்று திறந்து வைக்கப்பட்டது. வழியில் ஒரு நீரேற்றும் இயந்திரம்கூட இல்லை. நிலத்தின் சரிவு ஒன்றே நீரை நகருக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது. பொறியியல் என்ற வகையில் அது மாபெரும் சாதனை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆறு ஏரிக்கு வரும் முன்னரே திருப்பப்பட்டது. மேலே இருந்த விவசாயிகளின் பாசனத்தால் ஏரி ஏற்கனவே ஓரளவு சுருங்கியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் நீர்வழி திறந்த பின் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் ஏரி முற்றாக வற்றியது. விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. 1924 இல் நீர்வழிக்கு வெடி வைத்தனர். அதே ஆண்டு நவம்பரில் மதகொன்றைக் கைப்பற்றிச் சில நாட்கள் நீரை மீண்டும் ஏரிப்பக்கம் ஓடவிட்டனர். 1927 இல் அவர்களுக்குத் தலைமை தாங்கிய சகோதரர்களின் வங்கி முறிந்து, அவர்கள் சிறை சென்றதுடன் எதிர்ப்பும் அடங்கியது. 1960 இல் புகையிரதமும் நின்று, மறு வருடம் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பழைய புகையிரத நிலையக் கட்டடம் மட்டும் இன்றும் நிற்கின்றது. நான் அதன் நிழலில் சற்று நேரம் நின்றேன். எதிரே ஏரியே இல்லாத ஏரிக்கரை.

ஏரி வற்றியதுடன் கதை முடியவில்லை. நீர் போன பின் உப்பும் நுண்மண்ணும் எஞ்சின. காற்று வீசும் போதெல்லாம் அவை எழுந்து கீலரின் மீது வீழ்ந்தன. அந்தத் தூசியில் ஆர்சனிக், கட்மியம் போன்ற நச்சுப் பொருட்களும் கலந்திருந்தன. காற்றில் உள்ள நுண்துகள்களுக்கு அமெரிக்கச் சட்டம் வகுத்துள்ள எல்லை, ஒரு நாளின் சராசரியாகக் கன மீற்றருக்கு 150 மைக்ரோகிராம். ஓவன்ஸ் ஏரிக்கரையில் அந்த எல்லையைப் பல பத்து மடங்கு தாண்டிய அளவுகள் பதிவாகின. அமெரிக்காவில் இத்தகைய தூசி எழும் தனியிடங்களில் இதுவே மிகப் பெரியது என்று கணிக்கப்பட்டது. பெருந்தொழிற்சாலை எதுவுமற்ற, வாகன நெரிசலற்ற ஒரு பாலைநில ஊர், நாட்டின் மிக மோசமான காற்றைச் சுவாசித்தது. போக முடிந்தவர்கள் போனார்கள்.

இங்குதான் எனது வாதத்தை முன்வைக்க விரும்புகின்றேன்.

ரூஸ்வெல்ட் சொன்ன நியாயம் இன்றுவரை உலகெங்கும் சொல்லப்படும் நியாயம். பலருக்காகச் சிலர் விட்டுக்கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நேர்மையாக இருக்கின்றது. இன்று லொஸ் ஏஞ்சல்ஸில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் வாழ்கின்றனர். அவர்களுள் எம்மவர்களும் உள்ளனர். அவர்கள் நீரின்றி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவன் அறிவிலி.

ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, சிலர் என்ற எண்ணிக்கை எவ்வாறு வந்தது என்பதை எவரும் கேட்பதில்லை. கீலரில் அறுபத்தாறு பேர் இருப்பதால் ஏரி வற்றலாம் என்பது ஒரு கூற்று. சுரங்கமும் புகையிரதமும் நின்றபின் ஊரில் எஞ்சியிருந்தவர்களை அந்தத் தூசியே துரத்தியது என்பது உண்மை. ஓரிடத்தை வாழ முடியாததாக்கி மக்களைப் போகச் செய்துவிட்டு, அங்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பது நேர்மையான கேள்வியல்ல. பையூட் மக்களுக்கும் அதுவே நிகழ்ந்தது. முதலில் துரத்தினர்; பின்னர் வெறும் நிலம் என்றனர். அந்த நியாயத்தை அன்று ஏற்றுக்கொண்ட குடியேறிகளின் மீது, அறுபது ஆண்டுகளுக்குள் அதே நியாயம் திரும்பி வந்து விழுந்தது.

இரண்டாவது பிழை, விலை பற்றியது. நகரம் நிலத்துக்குப் பணம் கொடுத்தது. ஏரிக்கு எவருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. ஏரி எவருடைய பெயரிலும் உறுதி எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் கொடுக்காத விலை மறைந்துவிடுவதில்லை. 1983 இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. நகரின் நீர் எடுப்பினால் காற்று மாசடைந்தால், அதனைச் சீர்செய்யுமாறு நகரைப் பணிக்கும் அதிகாரத்தை அப்பிரதேசத்தின் காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சபைக்கு அச்சட்டம் வழங்கியது. மிகச் சிறிய பிரதேச அலுவலகம் அது. நாட்டின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றை எதிர்த்து, தூசி அளக்கும் கருவிகளை நிறுத்தி, ஆண்டுக்கணக்காக அளவுகளைப் பதிவு செய்தது. 1998 இல் நகரம் இணங்கியது. 2001 முதல் ஏரிப்படுகையில் ஆழமற்ற நீரைப் பரப்புதல், உப்பைத் தாங்கும் புல் வளர்த்தல், சரளைக்கல் பரப்புதல் ஆகிய வேலைகள் தொடங்கின. அதன் பின்னரும் வழக்குகள் தொடர்ந்தன; 2014 இல் இன்னொரு உடன்பாடு எட்டப்பட்டது. இதுவரை நகரம் செலவிட்ட தொகை இரண்டு பில்லியன் டொலருக்கும் அதிகம். கீலரை அடுத்துள்ள மணற்குன்றுகளில் வைக்கோற் கட்டுகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மறைவில் பாலைநிலச் செடிகளை நட்டு மண்ணைப் பிடித்து வைக்க முயன்றிருக்கிறார்கள்.

பலன் இல்லாமல் இல்லை. தூசி பெருமளவு தணிந்துள்ளது. நீர் பரப்பிய இடங்களில் உவர்நீர் ஈக்கள் பெருகி, அவற்றைத் தின்ன வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்துள்ளன. 2006 டிசம்பரில் ஆற்றின் வறண்ட கீழ்ப்பகுதியிலும் நீர் விடப்பட்டது. ஆனால் ஏரி திரும்பவில்லை, திரும்பப் போவதுமில்லை. இது நோயைக் குணமாக்கிய மருத்துவமன்று. நாள்தோறும் உண்ண வேண்டிய மருந்து. நகரம் இருக்கும்வரை அந்தப் படுகையை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்த நீரில் ஒரு பங்கை அதற்காகவே கொடுத்துக்கொண்டும் இருக்க வேண்டும். 1913 இலேயே ஏரிக்கென ஒரு பங்கை ஒதுக்கியிருந்தால், இத்தனை செலவும் இத்தனை பேரின் சுவாசமும் மிஞ்சியிருக்கும் என்பதே எனது கருத்து.

கீலருக்குக் கிடைத்தது பாதி நீதி. அந்தப் பாதி நீதியும் எண்ணிக்கையால் வந்ததல்ல. வாக்குப் பெட்டியில் எழுபது பேர் எதைச் சாதிக்க முடியும்? எழுத்தில் இருந்த ஒரு சட்டமும், நாள் தவறாமல் எழுதி வைத்த அளவுகளுமே அதனைப் பெற்றுக் கொடுத்தன. தூசி மோசம் என்று புலம்பியிருந்தால் நகரம் செவி சாய்த்திராது. இன்ன திகதியில், இன்ன இடத்தில், இவ்வளவு தூசி என்று காட்டியபோது மறுக்க முடியவில்லை. சிறுபான்மையாக வாழும் எவரும் மனதிற்கொள்ள வேண்டிய பாடம் இது. எம் தொழிலில் உள்ளவர்களும்தான்.

திரும்பி வரும் வழியில் பெறாமகன் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "எங்கட வீட்டுக் குழாயில வாற தண்ணியில ஒரு பங்கு உங்கயிருந்துதான் வருது எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது, பெரியப்பா" என்றான். பதினைந்து வருடங்களாக அந்நகரில் வாழ்பவன், படித்தவன். அவன்மீது குறையில்லை. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள். அறுபத்தாறு பேர்தானே என்று அந்தச் செய்தியை ஒதுக்கி வைத்தவர்கள் நாங்கள். ஓர் ஊரில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன், அங்கிருந்து எது எங்கே கொண்டு செல்லப்பட்டது என்று கேட்டிருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்கு இதனை உணர்த்த, வற்றிய ஓர் ஏரியின் கரையில் எழுபது பேர் வாழும் ஊர் தேவைப்பட்டது.